உடம்பு மருந்துக்குப் பழகுவதில்லை: புற்றுச்செல்லும் பாக்டீரியாவும் தப்பிக்கும் வழி

கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பெற்றுவரும் ஒருவருக்கு மூன்றாம் சுற்றுக்குப் பின் கடுங்காய்ச்சல் வந்தது. இரத்தத்தை வளர்சோதனைக்கு (கிருமியை வளர்த்து அடையாளம் காணும் சோதனை) அனுப்பியதில், முதலில் கொடுத்த ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத பாக்டீரியா இருப்பது தெரிந்து, வேறு மருந்து தரப்பட்டது. கட்டியும் எதிர்பார்த்த அளவு சுருங்கவில்லை. "உடம்பு மருந்துக்குப் பழகிவிட்டது" என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே சங்கதிதானா? சில ஆண்டுகளுக்கு முன் மார்பில் அழற்சி வந்தபோது பலமுறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டதுதான் இவ்வளவுக்கும் காரணமா?

உடம்பு பழகிவிடவில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தூக்க மாத்திரைக்கும் சில வலிமருந்துகளுக்கும் உடம்பு பழகுவது உண்மை. அங்கே மாறுவது நோயாளியின் நரம்புச் செல்கள். ஆன்டிபயாடிக்கிலும் புற்றுநோய் மருந்திலும் நடப்பது வேறு. நோயாளியின் உடம்பு அப்படியே இருக்கிறது. மருந்து எதைக் கொல்ல வேண்டுமோ அந்தக் கூட்டத்தின் உள்ளடக்கம்தான் மாறிவிடுகிறது. வயல் முழுவதும் மருந்து தெளித்தபின் அதற்கு மடியாத ஒரு களை மட்டும் எஞ்சி, போட்டியாக எதுவும் இல்லாததால் பரவிக்கொள்வதைப் போன்றது இது. அந்தக் களை மருந்தைக் கண்டு கற்றுக்கொண்டதில்லை. தெளிப்பதற்கு முன்பே அது அங்கே இருந்தது.

இந்த "முன்பே இருந்தது" என்ற சொல்லில்தான் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. அதை நிறுவிய சோதனை 1943-இல் வெளிவந்தது. பாக்டீரியாவைக் கொல்லும் வைரஸ் ஒன்றை ஈ. கோலை பாக்டீரியா மீது விட்டால் பெரும்பாலானவை மடிந்து, சில தப்புகின்றன. தப்பியவை வைரஸைச் சந்தித்தபின் மாறினவா, அதற்கு முன்பே தற்செயலாக மாறியிருந்தனவா என்பதை எப்படிப் பிரித்தறிவது? இத்தாலியிலிருந்து அமெரிக்கா வந்திருந்த சால்வடார் லூரியாவுக்கு விடை, ஒரு விருந்தில் சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டு விளையாடும் சூதாட்ட இயந்திரத்தின் முன் நின்றிருந்ததைப் பார்த்தபோது தோன்றியது. அந்த இயந்திரம் பலமுறை எதுவும் தராது. எப்போதாவது ஒருமுறை மொத்தமாகக் கொட்டும். லூரியா பாக்டீரியாவைப் பல தனித்தனிக் குழாய்களில் வளர்த்து, ஒவ்வொன்றையும் வைரஸ் பூசிய தட்டில் பரப்பினார். வைரஸைச் சந்தித்த பிறகே மாற்றம் நிகழ்கிறதென்றால் எல்லாத் தட்டுகளிலும் தப்பியவற்றின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வந்ததோ சூதாட்ட இயந்திரத்தின் கணக்கு: பல தட்டுகளில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, எங்கோ ஒரு தட்டில் நூற்றுக்கும் மேல். அந்தத் தட்டுக்குரிய குழாயில் மாற்றம் வளர்ச்சியின் தொடக்கத்திலேயே நிகழ்ந்து, தலைமுறை தலைமுறையாகப் பெருகியிருந்தது. கணிதத்தை மாக்ஸ் டெல்புரூக் வகுத்துக்கொடுத்தார். இருவரும் ஆல்ஃபிரட் ஹெர்ஷியுடன் 1969-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

புற்றுநோய்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். சிட்னி ஃபார்பர் 1948-இல், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலத்தின் செயலைத் தடுக்கும் அமினோப்டெரின் கொடுத்து, அதுவரை எவரும் கண்டிராத தணிவைக் காட்டினார். ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. திரும்பியபோது அதே மருந்து வேலை செய்யவில்லை. இது ஏன் என்று விளக்க, லாயிட் லா என்பவர் 1952-இல் லூரியா, டெல்புரூக் இருவரின் சோதனையை அப்படியே எடுத்து, எலிகளின் இரத்தப் புற்றுச்செல்களில் செய்துபார்த்தார். விடையும் அதே விடை. எதிர்ப்புள்ள செல்கள் மருந்துக்கு முன்பே கூட்டத்தில் ஒளிந்திருந்தன. பாக்டீரியா ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு கேள்வி ஒன்பதே ஆண்டுகளில் புற்றுநோய்க்கு விடை தந்தது என்பது, இரண்டு துறைகளும் இன்று தனித்தனிக் கட்டடங்களில் இயங்குவதைப் பார்க்கும்போது, சற்றே வியப்பாகத்தான் இருக்கிறது.

விளக்கம் பிடிபட்டவுடன் மருத்துவ வழியும் புலப்பட்டது. அதையும் பாக்டீரியாதான் முதலில் கற்றுக்கொடுத்தது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கொடுத்தபோது நோயாளிகள் தேறி, பின் எதிர்ப்புள்ள கிருமியோடு மீண்டும் படுத்தார்கள். வேறொரு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தபோது அந்த எதிர்ப்பு வெகுவாகக் குறைந்தது. இதன் கணக்கு எளியது. காசநோய்க் கிருமியில் ஐசோநியாசிடு என்னும் மருந்துக்கு எதிர்ப்பு தற்செயலாகத் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசின் என்னும் இன்னொரு மருந்துக்கு ஏறத்தாழ பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு குழியில் பல கோடிக் கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால், ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் தப்பிப்பதற்கு அங்கே ஆள் தயாராக இருக்கும். இரண்டுக்கும் ஒருசேர எதிர்ப்புள்ள கிருமி இருப்பதற்கான வாய்ப்போ கோடி கோடியில் ஒன்று. அத்தனை கிருமிகள் ஒருவர் உடலில் இருப்பதில்லை. 1960-களில் குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு நான்கு மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்த எமில் ஃப்ரை, எமில் ஃப்ரைரைக் ஆகியோர் இந்தக் காசநோய் அனுபவத்தையே முன்மாதிரியாகக் கொண்டார்கள். மார்பகப் புற்றுநோயில், அறுவைக்குப் பின் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருவதன் பயனை ஜியான்னி பொனடோனா மிலானில் நடத்திய ஆய்வு 1976-இல் காட்டியது. இன்று மார்பகப் புற்றுநோய்க்குச் சீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட மருந்துப் பெயர்கள் இருப்பதற்கு முக்கியக் காரணங்களில் இது ஒன்று.

தப்பிக்கும் வழிகளும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்திருக்கின்றன. மருந்து ஒட்டிக்கொள்ளும் இலக்கை மாற்றிக்கொள்வது முதல் வழி. எம்.ஆர்.எஸ்.ஏ என்று அழைக்கப்படும் ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியா, மெத்திசிலின் என்னும் ஆன்டிபயாடிக் ஒட்டவியலாத ஒரு புரதத்தைக் கொண்டு தன் செல்சுவரைக் கட்டிக்கொள்கிறது. மெத்திசிலின் புழக்கத்துக்கு வந்து ஓரிரண்டு ஆண்டுகளிலேயே, 1961-இல், இத்தகைய கிருமி இங்கிலாந்தில் பதிவானது. மார்பகப் புற்றுநோயிலும் இதற்கு இணை உண்டு. ஈஸ்ட்ரோஜனைச் சார்ந்து வளரும் கட்டிகளில் அந்த ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்கும் மாத்திரைகளை நெடுங்காலம் கொடுக்கும்போது, ஹார்மோன் இல்லாமலே இயங்கும்படி மாறிய ஏற்பியை (ஹார்மோன் வந்து ஒட்டும் புரதம்) கொண்ட செல்கள் மேலோங்குகின்றன. பரவிய நோய்க்குச் சிகிச்சை பெறுவோரிடம் இந்த மாற்றத்தை இப்போது இரத்தப் பரிசோதனையிலேயே தேடுகிறார்கள்.

உள்ளே வந்த மருந்தை வெளியே இறைத்துவிடுவது இரண்டாவது வழி. இங்கே சற்று நின்று ஒரு கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் சிவப்பு நிற ஊசிமருந்தான டாக்ஸோரூபிசின், பிறப்பால் ஓர் ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்தது. இத்தாலியின் தென்கிழக்குப் பகுதியில், ஒரு பழைய கோட்டைக்கு அருகே எடுத்த மண்ணில் கிடைத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் இன பாக்டீரியாவிலிருந்து டானோரூபிசின் என்னும் புற்றுநோய் மருந்து வந்தது. அதே பாக்டீரியாவின் மாற்றுரு ஒன்றிலிருந்து டாக்ஸோரூபிசின் வந்தது. அருகிலிருக்கும் ஏட்ரியாட்டிக் கடலின் பெயரால் அதற்கு அட்ரியாமைசின் என்ற வணிகப் பெயர் அமைந்தது. இந்த மருந்தைப் புற்றுச்செல்கள் வெளியேற்றும் பம்பு போன்ற புரதத்தை ஜூலியானோ, லிங் என்னும் இருவர் 1976-இல் கண்டறிந்து பி-கிளைக்கோபுரதம் எனப் பெயரிட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1991-இல், டாக்ஸோரூபிசினைத் தயாரிக்கும் அந்த மண் பாக்டீரியாவை ஆராய்ந்தபோது, தன் நஞ்சால் தானே மடியாதிருக்க அதுவும் ஒரு பம்பை வைத்திருப்பதும், அந்தப் பம்பின் மரபணு புற்றுச்செல்லின் பம்பு மரபணுவை ஒத்திருப்பதும் தெரியவந்தது. மருந்தும் அதிலிருந்து தப்பும் வழியும் மனிதன் தோன்றுவதற்கு வெகு காலம் முன்பே மண்ணுக்குள் ஒன்றாக இருந்திருக்கின்றன. இந்தப் பம்பை அடைக்கும் மருந்துகளை உருவாக்கிக் கீமோதெரபியோடு கொடுத்துப்பார்த்த ஆய்வுகள் பெரும்பாலும் ஏமாற்றமே தந்தன. அதே பம்பு நோயாளியின் குடலிலும் கல்லீரலிலும் மூளையின் இரத்தக்குழாய்களிலும் நல்ல வேலை செய்துகொண்டிருப்பது அதற்கு ஒரு காரணம்.

மூன்றாவது வழி, உறங்குவது. 1944-இல் ஜோசஃப் பிக்கர் என்னும் மருத்துவர், பென்சிலினுக்குத் தப்பிய ஸ்டாஃபிலோகாக்கஸை மீண்டும் வளர்த்து, அவற்றின் சந்ததி பென்சிலினுக்கு முன்போலவே மடிவதைக் கண்டார். அதாவது அவற்றில் மரபணு மாற்றம் எதுவும் இல்லை. வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு மருந்து போகும்வரை காத்திருந்தன, அவ்வளவுதான். புற்றுச்செல்களிலும் இதே நடத்தை 2010-இல் விவரிக்கப்பட்டது. மார்பகப் புற்றுநோய் பத்துப் பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்புவதற்கு உறங்கும் செல்கள் காரணமாகலாம் என்று கருதப்படுவதால், இந்தத் திசையில் நடக்கும் ஆய்வுகளை நான் மிகுந்த எதிர்பார்ப்போடு பார்க்கிறேன்.

இவ்வளவு ஒற்றுமையைச் சொன்னபின் வேற்றுமையையும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஏனெனில் அதுதான் நடைமுறையில் பெரியது. புற்றுச்செல்லின் எதிர்ப்பு அந்த ஒரு நோயாளியோடு நிற்கிறது. பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கு அது தொற்றாது. பாக்டீரியா அப்படியல்ல. எதிர்ப்பு மரபணுக்களைப் பிளாஸ்மிட் என்னும் சிறு டி.என்.ஏ. வளையங்களில் ஏற்றி, அடுத்த பாக்டீரியாவுக்கு, சில நேரம் வேறு இனத்துக்கே, கைமாற்றிவிடுகிறது. ஈ. கோலையில் தோன்றியது கிளெப்சியெல்லா என்னும் வேறோர் இன பாக்டீரியாவுக்குப் போகும். கைகள், கழிவறை, தண்ணீர், மருத்துவக் கருவி வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். ஆகவே கீமோதெரபிக்குக் கட்டுப்படாத கட்டி அந்த வீட்டின் துயரம். ஆன்டிபயாடிக்குக் கட்டுப்படாத பாக்டீரியா, தான் முதலில் வந்த நோயாளி குணமடைந்த பின்னும் மற்றவர்களிடம் தொடர்ந்து வாழும். 2022-இல் லான்செட் இதழில் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, 2019-இல் மட்டும் பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்பே நேரடிக் காரணமான இறப்புகள் சுமார் 12.7 லட்சம் என்றும், அதோடு தொடர்புடையவை சுமார் 49.5 லட்சம் என்றும் கணக்கிட்டது. ஒப்புநோக்க, 2022-இல் உலகில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் சுமார் 6.7 லட்சம் பேர்.

இந்த இரண்டு துயரங்களும் ஒரே படுக்கையில் சந்திக்கும் இடம்தான் கேள்வியில் சொல்லப்பட்ட காய்ச்சல். கீமோதெரபி வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குகிறது. எலும்பு மஜ்ஜையும் குடலின் உள்தோலும் வேகமாகப் பிரிபவைதாம். ஒவ்வொரு சுற்றுக்கும் பின் ஏறக்குறைய ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் மிகக் குறைந்திருக்கும். அதே நாட்களில் குடலின் தடுப்புச்சுவரும் நைந்திருக்கும். குடலில் குடியிருக்கும் பாக்டீரியா இரத்தத்துக்குள் நுழைய இதைவிட வசதியான நேரம் கிடையாது. பெரும்பாலும் இந்தக் கிருமிகள் வெளியிலிருந்து வருவதில்லை, நோயாளியின் சொந்தக் குடலிலிருந்தே வருகின்றன. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் நியூட்ரோஃபில் 500-க்குக் கீழே இருக்கும்போது உடல் வெப்பம் ஒருமுறை 38.3 டிகிரி செல்சியஸைத் தொட்டாலோ, 38 டிகிரியில் ஒரு மணி நேரம் நின்றாலோ, அதை அவசரநிலையாகக் கருதி, வளர்சோதனைக்கு இரத்தம் எடுத்த கையோடு, கூடுமானவரை ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற்ற வேண்டும் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் விதி. வளர்சோதனை முடிவு வர இரண்டு மூன்று நாட்கள் ஆகும் என்பதால் முதல் மருந்தை ஊகித்தே தேர்ந்தெடுக்கிறார்கள். பாக்டீரியா அந்த ஊகத்துக்குக் கட்டுப்படாததாக இருந்தால் விலைமதிப்பற்ற நாட்கள் வீணாகின்றன. மார்பகக் கட்டியை அகற்றும் அறுவையும், மஜ்ஜை மாற்றமும், தோலுக்கடியில் பொருத்தும் மருந்தேற்றும் போர்ட்டும், எல்லாமே ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்ற நம்பிக்கையின் மேல் கட்டப்பட்டவை.

அப்படியிருந்தும் முதலீடு போகும் திசை வேறாக இருக்கிறது. புதிய புற்றுநோய் மருந்தை நோயாளி மாதக்கணக்கில், சில நேரம் ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொள்கிறார். புதிய ஆன்டிபயாடிக்கையோ, வந்தவுடன் பூட்டிவைத்து மிகத் தேவையானபோது மட்டும் ஒரு வாரம் கொடுக்க வேண்டும் என்பதே சரியான மருத்துவம். அதனால் விற்பனை சிறுத்துவிடுகிறது. பிளாசோமைசின் என்னும் ஆன்டிபயாடிக்குக்கு 2018-இல் அமெரிக்க அனுமதி பெற்ற அகாவோஜென் நிறுவனம் 2019-இல் திவாலானது. விற்ற அளவுக்கு அல்லாமல், இருப்பில் வைத்திருப்பதற்கே ஆண்டுக் கட்டணம் தரும் முறையைச் சில நாடுகள் முயன்றுவருகின்றன. அதுவே அறிவுக்கு ஒத்த வழி என்பது என் கருத்து.

இனி, முன்பு மார்பில் வந்த அழற்சிக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டது புற்றுநோயைக் கொண்டுவந்ததா என்ற பகுதி. இந்த அச்சம் வெறுமனே முளைத்ததன்று. 2004-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியான ஓர் ஆய்வு, ஆன்டிபயாடிக்கை மிகுதியாக எடுத்துக்கொண்ட பெண்களிடம் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காக இருப்பதாகக் காட்டியது. ஆனால் அதிகமாக ஆன்டிபயாடிக் எடுப்பவர்கள் அடிக்கடி மருத்துவரிடம் போகிறவர்களாகவும், ஆகவே நோய் கண்டுபிடிக்கப்பட வாய்ப்பு மிகுந்தவர்களாகவும் இருக்கலாம். தொற்றோ அழற்சியோ வேறொரு பொதுக் காரணத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். ஆன்டிபயாடிக் மார்பகப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை. அந்தக் குற்ற உணர்வை நோயாளி சுமக்க வேண்டியதில்லை.

அந்த அழற்சிக்கு உண்மையில் ஆன்டிபயாடிக் தேவைப்பட்டதா என்பது வேறு கேள்வி, அதற்குப் பல நேரங்களில் "இல்லை" என்பதே விடை. பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு சிவந்து வலிக்கும்போது, தொடக்கத்தில் அது வீக்கமும் அழற்சியும் மட்டுமே. பாலூட்டலை நிறுத்தாமல், அளவுக்கு மீறிக் கறக்காமல், குளிர் ஒத்தடமும் வீக்கம் தணிக்கும் மருந்தும் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும் என்று 2022-இல் திருத்தப்பட்ட பாலூட்டல் மருத்துவ வழிகாட்டுதல் கூறுகிறது. பாக்டீரியா தொற்றாக முற்றினால் ஆன்டிபயாடிக் வேண்டும். அப்போது முதன்மைக் கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ். சீழ்க்கட்டியானால் அல்ட்ராசவுண்டு பார்த்து ஊசியால் உறிஞ்சி, அந்தச் சீழை வளர்சோதனைக்கு அனுப்புவது நல்லது. பாலூட்டாத பெண்களுக்கு வரும் கிரானுலோமா (அழற்சிச் செல்கள் திரண்ட சிறு முடிச்சு) வகை அழற்சி இன்னொரு சிக்கல்: பெரும்பாலும் கிருமியே அகப்படாத இந்த நோய்க்கு, திசுப் பரிசோதனை செய்யாமலே ஒன்றன்பின் ஒன்றாக ஆன்டிபயாடிக்குகள் மாற்றி மாற்றிக் கொடுக்கப்படுவதுண்டு.

இதைவிடக் கவலைக்குரிய தவறு ஒன்று உண்டு. அழற்சி வகை மார்பகப் புற்றுநோய் என்பது மார்பகப் புற்றுநோய்களில் 1 முதல் 5 விழுக்காடு வரைதான். ஆனால் அது அழற்சியைப் போலவே வேடமிட்டு வரும். மார்பு சில வாரங்களில் சிவந்து, வீங்கி, சூடாகி, தோல் ஆரஞ்சுப் பழத்தோல் போலக் குழிகுழியாகிவிடும். தனியாகக் கட்டி கையில் தட்டுப்படாமலும் போகலாம், மேமோகிராமில் தெளிவாகத் தெரியாமலும் போகலாம். ஆன்டிபயாடிக் தொடங்கி ஒன்று, இரண்டு வாரங்களில் சிவப்பு முழுமையாக அடங்கவில்லை என்றால், அடுத்த ஆன்டிபயாடிக்குக்கு மாறுவதைக் காட்டிலும் படமெடுத்து, தோலிலும் திசுவிலும் பயாப்சி செய்வதே முறை. மருந்துக்கு அடங்காத சிவப்பை "எதிர்ப்புள்ள கிருமி" என்று எண்ணி அடுத்தடுத்து வீரியமான மருந்துகளுக்குப் போய்க்கொண்டிருந்தால், கிருமியே இல்லாத ஒரு நோய்க்குக் காலம் கடந்துகொண்டிருக்கும்.

முன்பு எடுத்த ஆன்டிபயாடிக்குகளுக்கும் இப்போதைய காய்ச்சலுக்கும் தொடர்பு இருக்க முடியுமா என்றால், இருக்க முடியும். ஆனால் அது புற்றுநோய் வழியாக அல்ல, குடல் வழியாக. ஒவ்வொரு முறை ஆன்டிபயாடிக் எடுக்கும்போதும் மார்பிலுள்ள கிருமி மட்டுமல்லாமல் குடலிலுள்ள கோடானுகோடி பாக்டீரியாவும் அந்த வடிகட்டலுக்கு உள்ளாகின்றன. எதிர்ப்புள்ளவை எஞ்சி, மருந்தை நிறுத்தியபின் படிப்படியாகக் குறைந்தாலும் மாதக்கணக்கில் தங்கக்கூடும். சில ஆண்டுகளுக்கு முன் எடுத்ததைவிட, அண்மை மாதங்களில் எடுத்ததும், அண்மையில் மருத்துவமனையில் தங்கியதும் கூடுதல் பொருள் உள்ளவை. ஆகையால் அடுத்த சுற்றுக் கீமோதெரபிக்குப் போகும்போது, இந்த முறை இரத்தத்தில் வளர்ந்த கிருமியின் பெயரும், எந்த மருந்துக்கு அது கட்டுப்பட்டது, எதற்குக் கட்டுப்படவில்லை என்ற பட்டியலும் கொண்ட ஆய்வகத் தாளைக் கோப்பின் முன்பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மீண்டும் இரவு இரண்டு மணிக்குக் காய்ச்சல் வந்து, அவரை முன்பின் அறியாத மருத்துவர் ஒருவர் முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க நேர்ந்தால், அந்த ஒரு தாள் இருந்தால் ஊகிப்பதற்கு மிச்சம் குறைவாகவே இருக்கும்.